கடல்வாயில் இரண்டு ஓட்டம்

மீனவர் சங்கச் செயலாளர் பதவி என்பது, மனு எழுதத் தெரிந்தவனுக்கு ஊர் விதிக்கும் கடூழியம்.

முதலில் கடற்படையினர் இரவுத் தொழிலைத் தடுத்தார்கள். அடுத்து வள்ளங்களின் இயந்திரங்களைக் கழற்றச் சொன்னார்கள். அடுத்து, தண்ணீரில் இறங்கவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்று பாஸ் வந்தது. கடைசியாக, எங்கள் தம்பலகாமக் குடா கடலோடு சேரும் ஒடுங்கிய வாயில் மிதவைகளைக் கட்டி, இதுதான் கோடு என்றார்கள்; உள்ளே தொழில் செய்யலாம், தாண்டினால் துப்பாக்கிச் சூடு. அரசாங்கக் கந்தோர் வாசல்களில் மனுக்கட்டோடு நின்று கால் கடுத்தவர்களே, இந்த வரிசை உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்.

கருங்கடல் பாடம்

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. படித்ததெல்லாம் கூட்டங்களில் மலிவாக விற்ற சிறு பிரசுரங்கள். அவற்றில் ஒன்று கருங்கடலைப் பற்றியது. ஆறுகள் கொட்டும் நன்னீர் இலேசானது. ஒடுங்கிய வாய் வழியே மேலாக வெளியேறும். வெளிக்கடலின் உப்புநீர் கனமானது. அதே வாயால், அதே நேரத்தில், அடியால் உள்ளே வரும். மாரியில் வயல் வெள்ளம் வந்து விழும்போது எங்கள் குடாவும் அப்படித்தான் என்று சங்கக் கூட்டத்தில் விளக்கினேன். கோடு போட்டவர்களால் இதை நிறுத்த ஏலாது என்றும் சேர்த்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த கிண்ணியா றசீது நானா கேட்டார்: "அது சரி தோழர், அந்தத் தண்ணிக்கு ஆரு பாஸ் குடுத்த?"

வெளியே போன தோணி

அந்த மாரியில் எங்கள் சங்கத்து இறால்காரன் தவராசா தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வாய்ப்பக்கம் துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்டது. அவனுடைய தோணி மிதவைகளுக்கு வெளியே வெறுமையாக மிதந்தது. உடல் கிடைக்கவில்லை. 'கோட்டைத் தாண்டியவன்' என்று கடற்படை அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கள் இறங்குதுறையின் பாஸ்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் சொல் நின்றால் எங்கள் அடுப்பு எரியாது. அவன் மனைவி பாக்கியம் குற்றவாளியின் பெண்சாதி ஆவாள்.

நான் அவருடைய கந்தோருக்குப் போய்க் கருங்கடலைச் சொன்னேன். கட்டிய கயிறு அறுந்தால் வெறுந்தோணியை மேல்நீர் தானாகவே வெளியே கொண்டுபோகும். தோணி தாண்டியதால் ஆள் தாண்டியதாகாது. மொழிபெயர்க்க இருந்த கிளாக்கர் நிலத்தைப் பார்த்தபடி அதிகாரியின் பதிலைச் சொன்னார்: "கருங்கடலில இருந்து சாட்சிக்கு ஆரும் வந்திருக்கினமோ எண்டு ஐயா கேக்கிறார்."

உள்ளே கிடந்த வலை

சுழியோடத் தெரிந்த றசீது நானா கோட்டுக்கு உள்ளே இறங்கித் தேடினார். தவராசாவின் இறால் வலை அங்கே அடியில் கிடந்தது. பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வெற்றி வீரனைப்போல் கந்தோருக்குப் போனேன். ஆனால் அதிகாரி என் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார். அடிநீர் உள்ளே வரும் என்று நீதானே சொன்னாய். அப்படியானால் வலையும் வெளியிலிருந்து அடிநீரோடு வந்ததுதான் என்றார்.

என் பிரசுரத்தில் அதற்கு மேல் பக்கம் இல்லை. பாக்கியம் கிளாக்கரிடம் சொன்னாள்: "வலை கட்டின கம்பு இன்னும் சேத்துக்குள்ள இறுகி நிக்குது. அவற்ற தோணிக் கயிறும் அதிலதான் அறுந்து தொங்குது. கம்பும் நீந்தி வந்ததோ எண்டு ஐயாவிட்ட கேட்டுச் சொல்லுங்கோ, தம்பி."

கம்படியில் கூட்டம்

சில கிழமைகள் கழித்து, ஒரு கதையும் இல்லாமல் பாஸ்கள் திரும்பி வந்தன. 'கோட்டைத் தாண்டியவன்' என்று எழுதிய சொல்லை மட்டும் அவர்கள் வெட்டவில்லை.

கரையில் கூட்டம் கூடத் தடை. ஆகவே எல்லோரும் தொழிலுக்குப் போவதுபோல் போய் அந்தக் கம்பைச் சுற்றித் தோணிகளை நிறுத்தினோம். றசீது நானாவின் தோணியில் நானும், பாஸ் இல்லாத பாக்கியமும். மேல்நீர் எங்களைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆளுக்காள் பக்கத்துத் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டோம். நான் எழுதிப்போன பேச்சை விரித்தேன். பாக்கியம் தாளின்மேல் கையை வைத்தாள்: "பேச்சு வேண்டாம், அண்ணை. அவற்ற பேரை மட்டும் வாசியுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

வாழ்நாளெல்லாம் நான் எழுதிய மனுக்களில் ஒன்றைக்கூட எந்த ஐயாவும் முழுதாகக் கேட்டதில்லை என்பதால், அத்தனை தோணிகளும் சாட்சியாக நின்று கடைசிவரை கேட்ட ஒரே மனுவை இங்கே முழுதாகத் தருகிறேன்: "கந்தையா தவராசா, கோட்டுக்கு உள்ளே."