அனந்தபுரம் போக வேண்டிய சைக்கிள்

1. மாசியில், மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய சைக்கிளை நானும் அண்ணியும் வெளியே எடுத்தோம்.
2. பங்குனியில், புதுச் சக்கரம் நுழைவதற்காக அதன் பின்பக்கத்தை விரித்தோம்.
3. சித்திரையில் பெயிண்டுக்காகத் திண்டிவனம் அனுப்பினேன்.
4. வைகாசி முழுக்க அது திரும்பி வரவில்லை.
5. ஆனி கடைசியில் பூட்டி முடித்தோம், ஹேண்டில்பாருக்குச் சுற்றும் டேப் தவிர.
6. ஆடி பிறந்தது.
7. அண்ணியின் அம்மா அனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்விட்டார்.
8. ஆவணி முதல் தேதி அண்ணி அந்தச் சைக்கிளில் அனந்தபுரம் போனார்.

ஏழும் எட்டும் இடம் மாறி நடந்திருக்க வேண்டும்.

அது வெளிநாட்டு ஸ்டீல் சைக்கிள். நீண்ட பயணத்துக்கென்று செய்தது. திருவண்ணாமலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றதை எங்கள் அப்பா, நைனா, வாங்கிவந்தார். டயர் கிழிந்ததும், அந்த அளவு டயர் எங்கள் செஞ்சியில் எந்தக் கடையிலும் இல்லை என்று கொட்டகையில் சாய்த்தவர்தான். அதன்மேல் உரச்சாக்கு ஏறியது, பிறகு ஹோஸ் பைப் ஏறியது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வால்வுகளின் வரைபடம் போடுகிறேன். அண்ணன் ஓசூரில் வேலை செய்கிறான். மாதம் இரண்டு தடவை வருவான். பகலில் வீட்டில் நானும் அண்ணியும் அம்மாவும்தான்.

சைக்கிளை எடுக்கச் சொன்னது அண்ணி. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர் அவர். கல்யாணமானபின், பக்கத்திலேயே அனந்தபுரத்திலிருக்கும் தன் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனதே இல்லை. அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடுவான், அவன் இல்லாவிட்டால் நைனா பஸ் ஏற்றிவிட்டு போன் செய்வார். அங்கே அத்தை, அதாவது அண்ணியின் அம்மா, பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார்.

"எங்கம்மா வாசல்ல கால வச்சதும் கேக்கற மொத கேள்வி இன்னா தெரியுமா? 'யார் கூட வந்த?' சாப்டியான்னு கூட அப்புறம்தான் கேக்கும். ஒரே ஒரு தடவ, நானா வந்தேம்மான்னு சொல்லணும். சொல்லிட்டு அது மூஞ்சியப் பாக்கணும்."

அதற்கு ஒரு கெடு இருந்தது. அண்ணியின் தம்பி மனைவிக்கு ஆவணியில் பிரசவம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை சென்னைக்குப் போய்விடுவார்; வீட்டை வாடகைக்கு விடுவது என்றும் பேசி முடித்திருந்தார்கள். மாசியில் நின்றுகொண்டு பார்த்தபோது ஆவணி வெகுதூரத்தில் தெரிந்தது.

துரு மேலோடுதான் இருந்தது. பழைய சக்கரத்துக்கான டயரும் ஆன்லைனில் கிடைத்தது. டயர், டியூப், பிரேக் கட்டை, செயின். இவ்வளவு மாற்றினால் போதும், பங்குனியிலேயே ஓடியிருக்கும். அண்ணி அதைத்தான் சொன்னார். "ஓடினா போதும், இன்ஜினியரே."

எனக்குப் போதவில்லை. பிரேம் அவ்வளவு நன்றாக இருந்தது. குழாய்கள் சேரும் இடத்தில் பற்றவைப்பின் பிசிறு ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட பிரேமில் இன்றைய சக்கரமும் கியரும் போட்டால் தார் ரோட்டில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அண்ணி அதன்மேல் போகவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பு இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

புதுச் சக்கரத்தின் அச்சு அகலம். பின்பக்கத்து இரண்டு கால்களுக்கு நடுவில் அது நுழையவில்லை. மரை போட்ட நீளக் கம்பியை நடுவில் கொடுத்து, இரண்டு பக்கமும் நட்டு மாட்டி, ஸ்பேனரால் மெல்ல மெல்ல வெளியே தள்ளினோம். நான் நூல் கட்டி இரண்டு பக்கமும் சமமாக விரிகிறதா என்று பார்க்க, அண்ணி நட்டைத் திருகினார்.

"முறிஞ்சிடப் போவுது."

"ஸ்டீல் அண்ணி, முறியாது. வேணுங்கறதுக்கு மேல விரிச்சாத்தான், விட்டதும் திரும்பி வந்து நம்ம அளவுல நிக்கும்."

அண்ணி கம்பியைத் தளர்த்தினார். கால்கள் பழைய இடத்துக்கே வந்து நின்றன.

"உங்க அண்ணன் மாதிரியே இருக்குது. எவ்ளோ தள்ளினாலும் பழைய எடத்துக்கே வந்து நிக்குது."

அம்மா முறத்தோடு வந்து பார்த்தார். "வீட்ல ஒரு மிக்சி ரிப்பேரா கெடக்குது. அதப் பாக்க ஆளக் காணோம், இதுக்கு ரெண்டு டாக்டரு."

அன்று மாலைக்குள் சக்கரம் நுழைந்துவிட்டது. ஆனால் விரித்த இடத்தில் பழைய பெயிண்ட் வெடித்திருந்தது. அதனால்தான் திண்டிவனம். மணல் வீசிச் சுரண்டி, பவுடர் பெயிண்ட் சுடும் இடம் ஒன்று அங்கே இருக்கிறது. இரும்பு கேட் வேலை நிறைய வந்ததால் எங்கள் பிரேம் ஓரமாகக் காத்திருந்தது. போன் செய்தால், "நாளைக்கு அடுப்புல போட்டுடறேம்மா" என்பார்கள். வைகாசி அப்படியே போயிற்று. அண்ணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையிடம் போனில் பேசும்போது மட்டும், "வருவேன், வருவேன். எப்படி வருவேன்னு இப்ப சொல்ல மாட்டேன்" என்று சிரிப்பார்.

ஆனியில் பிரேம் வந்தது. கரும்பச்சை. புதுச் சக்கரம் கொஞ்சம் சிறியது என்பதால் பழைய பிரேக் ரிம்மை எட்டவில்லை. நீளக் கை உள்ள பிரேக் வரவழைத்து மாட்டினேன். கேபிள் இழுத்து, கியரைச் சரிசெய்து, சீட்டை அண்ணியின் உயரத்துக்கு வைத்து முடித்தபோது ஆனியில் இரண்டு நாள்தான் பாக்கி. ஹேண்டில்பார் வெறும் அலுமினியமாக இருந்தது. டேப் மறுநாளோ அதற்கு மறுநாளோ வரவேண்டும்.

"இப்படியே போய்ட்டு வரேனே" என்றார் அண்ணி.

"வேர்த்தா கை வழுக்கும் அண்ணி. ரெண்டு நாள்தான்."

அண்ணி சரி என்றார். டேப் ஆடி முதல் தேதி வந்தது. சுற்றி முடித்துக் கூடத்தில் நிறுத்தியதும் அம்மா சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார்.

"புது வண்டியாட்டம் இருக்குதே!"

அதைவிடப் பெரிய பாராட்டை அம்மாவிடமிருந்து நான் வாங்கியதில்லை. அடுத்த மூச்சிலேயே அவர் சொன்னார்: "ஆடி போவட்டும். ஆடியில புது வண்டி எடுக்கக் கூடாது."

"இது நைனா வாங்குனது. எனக்கு முன்னாடியே பொறந்த சைக்கிள்."

"இதுல பழசு இன்னா இருக்குது, சொல்லு."

"பிரேம்... போர்க்..."

"அதுக்கும்தான் பெயிண்ட் அடிச்சிட்ட."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து நைனா, "கேஸ் தள்ளுபடி" என்றார்.

எல்லோரும் சிரித்தோம், அண்ணியும்தான். "ஒரு மாசம்தானே அத்த. ஆவணி ஒண்ணாந்தேதி கெளம்பறேன். எங்கம்மா கெளம்பறதுக்கு அப்பவும் நாள் இருக்குது." கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைக் கொட்டகையிலிருந்து எடுத்த கோலத்திலேயே ஓடவிட்டிருந்தால் ஆடியிலும் ஏறிப் போயிருக்கலாம். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் அதைப் புதிதாக்கிவிட்டோம்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், தம்பி மனைவிக்கு முன்கூட்டியே வலி வந்தது. தம்பியின் நண்பர் காரில் வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனார். செஞ்சி வழியாகப் போனால் அண்ணியைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களால் ஊர் அடைத்துக் கிடந்தது. அவர்கள் விக்கிரவாண்டிப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணி போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, சைக்கிளைச் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். வழியை மறைக்கிறது என்றார். மறைக்கவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி அம்மா கற்பூரம் காட்டி இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். டயர் ஒல்லி, காற்று இறுக்கம். பழம் நசுங்காமல் உருண்டு போயிற்று. இன்னொரு தடவை வைத்தார், அதுவும் உருண்டது. நைனா காலால் மிதித்து, "நசுங்கிடுச்சு, போம்மா" என்றார். போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் போகிறாய் என்றும் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன்பே அண்ணி திரும்பிவிட்டார். முகம் சிவந்திருந்தது. சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தபின் சொன்னார்.

"செமையா போவுது. மேடு வந்தா கியர மாத்தினேன், மேடே தெரியல."

"வீடு?"

"வாடகைக்கு வந்தவங்க கோலம் போட்டிருந்தாங்க. நல்லாத்தான் போட்டிருந்தாங்க. எதிர்ல நின்னு அம்மாவுக்குப் போன் பண்ணேன். நம்ம வீட்டாண்ட இருக்கேம்மான்னேன். 'யார் கூட போன?'ன்னுச்சு."

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார்.

"நானா வந்தேன்னேன். 'ஆங்? கொழந்த அழுவுது, கேக்கல, அப்புறமா பேசறேன்'னு வச்சிடுச்சு."

சாயங்காலம் அத்தை திரும்பக் கூப்பிட்டார். அண்ணி குழந்தையின் எடை, பால் குடிப்பது, தடுப்பூசி எல்லாம் கேட்டார். சைக்கிளைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சொல்லியிருக்கலாம். அது அவர் சொல்லவேண்டிய சேதி என்று இருந்துவிட்டேன்.

அம்மா ஒருநாள் என்னிடம் மட்டும், "நான் வேற ஆடி ஆடின்னு வாய வச்சேன்" என்றார். இல்லம்மா என்றேன்.

இப்போது சைக்கிள் கூடத்தில் நிற்கிறது. சீட் அண்ணியின் உயரத்திலேயே இருக்கிறது. எனக்குக் கால் எட்டாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அண்ணி விடியற்காலையில் வல்லம் வரை போய்வருகிறார். அனந்தபுரம் சாலையில் அதன்பின் போகவில்லை. குழந்தை நடக்கிற வரைக்கும் அத்தை சென்னையில்தான். பழைய சக்கரங்கள் இரண்டும் கொட்டகையில் இருக்கின்றன.