அடைகாத்த நயினார்

“டீச்சர், எம் புள்ளைய என்ன பண்ணுனிய? தெருவுல காலைச் சேத்து வச்சு ஆடி ஆடி நடக்கா,” என்று கேட்டார் நயினார்.

“அது பெங்குவின் நடை, அண்ணாச்சி.”

“படிக்க அனுப்புனா பறவையாக்கி விடுதியளே! நாளையிலேருந்து வரமாட்டா.”

தாராவியில் தன் ஒற்றை அறையில் கனகவள்ளி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்தாள். தோல் பட்டறை நயினார் மகளை நிறுத்தினால் தெருவே நிறுத்திவிடும்.

“பனியில நின்னு, முட்டையைக் கால் மேல வச்சு அடைகாக்கிறது அப்பன் பெங்குவின்தான்,” என்றாள் மெதுவாக.

“அப்பனா?” நயினாரின் முகம் மலர்ந்தது.

பாடத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர் பாதங்களின் மேல் ஒரு கோழிமுட்டையை வைத்து, கட்டியிருந்த சாரத்தைத் தழைத்து மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது.

“குடத்தைத் தூக்கிட்டு வாங்க!” என்று அவர் மனைவி சண்முகவடிவு வெளியிலிருந்து கத்தினாள்.

“காலுல முட்டை இருக்குட்டி, நீயே பிடி!” என்றார் அவர், அசையாமல்.

மகளின் படிப்பு நிற்கவில்லை. மறுநாள் அவரும் கூடவே வந்து உட்கார்ந்து பெங்குவின் பாடத்தை முழுதும் கேட்டார். பிறகு கனகவள்ளியைத் தனியே அழைத்தார்.

“டீச்சர், பொம்பளப் பெங்குவின் முட்டையைக் குடுத்துட்டு ரெண்டு மாசம் மீன் திங்கப் போயிரும்னு எம் பொஞ்சாதிகிட்ட மட்டும் சொல்லிராதிய.”