ஹால்வர் மேஸ்திரியின் கோணல் துப்பாக்கி

கோல்டர் ஊரில் ஹால்வர் நெஸ்வோல்டின் பெயரை எடுத்தால், பழைய ஆட்கள் முதலில் சொல்வது அவர் தண்டவாளத்தோடு கன்னத்தை ஒட்டிவைத்துக் குப்புறப் படுத்திருந்த கோலத்தைத்தான். அமெரிக்காவின் மொன்டானாவில், வடக்கு ரயில்பாதையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அதில் இருபத்திரண்டு வருஷம் கேங் மேஸ்திரி. பாதை எங்காவது நெளிந்திருந்தால் தொப்பியைக் கழற்றி ஜல்லிமேல் வைப்பார், படுப்பார், ஒரு கண்ணை மூடுவார். அதற்கப்புறம் அவருடைய இடது கை மட்டும்தான் பேசும். ஆறு ஆட்கள் கடப்பாரையை ஊன்றி நெம்புவார்கள்.

“இன்னும் கொஞ்சம்… இன்னும் ஒரு மயிரிழை… போதும், விடு!”

கருவிகளோடு வந்த இன்ஜினியர்கள் அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடிக்கொண்டு போவார்கள். அந்த மௌனத்தை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

1963 ஆகஸ்டில் அவருக்கு அறுபத்தைந்து முடிந்தது. கடைசி நாள் ஸ்டேஷன் கூடத்தில் காபியும், அவர் மனைவி செல்மா செய்து அனுப்பிய ஏலக்காய் ரொட்டியும் இருந்தன. கோஷ்டி ஆட்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். உள்ளே புத்தம் புதிய வேட்டைத் துப்பாக்கி. எண்ணெய் வாசனை கூடப் போகவில்லை. அதுவரை ஹால்வர் வேட்டைக்குத் தூக்கிப்போனது இளவயதில் வாங்கிய ஒரு கிழட்டுத் துப்பாக்கி. அதன் குழல் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது.

“திருப்பிப் பாருங்க மேஸ்திரி,” என்றான் லியோ பெசெட். கோஷ்டியில் வாய் ஓயாதவன் அவன்தான்.

துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் அடிப்புறத்தில் ஆறு பேரின் பெயரும் சின்னச் சின்ன எழுத்தில் செதுக்கியிருந்தது. லியோவின் பேனாக்கத்தி வேலை. தன் பெயரை மட்டும் கொஞ்சம் பெரிசாகச் செதுக்கியிருந்தான். சொந்த அண்ணனை அடக்கம் பண்ணிய நாளில்கூடக் கண் கலங்காத ஹால்வர், கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

துப்பாக்கியோடு, குறி பார்க்கும் தொலைநோக்கிக் குழாயான ஸ்கோப் ஒன்றும் வாங்கி, கடையிலேயே பொருத்தியிருந்தார்கள். செப்டம்பரில் ஒருநாள் ஜல்லி வெட்டிய பள்ளத்துக்கு அதை எடுத்துப்போய், நூறு கஜத்தில் அட்டை நட்டு, மணல்மூட்டைமேல் சாய்த்துச் சுட்டுப் பார்த்தார். தோட்டா அட்டையிலேயே படவில்லை. அட்டைக்கு இடப்புறம் மண் பறந்தது. ஸ்கோப்பின் பக்கத்துத் திருகைத் திருகினார். மறுபடி சுட்டார், மறுபடி திருகினார். திருகு கடைசிவரை போய் முட்டி நின்றது. அப்போதும் தோட்டா குறிக்கு ஒரு சாண் இடதுபுறமாகத்தான் விழுந்தது.

கை பதறுகிறதோ என்று முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டார். கை பதறுகிறவனின் தோட்டா அங்குமிங்கும் சிதறும். இவர் கடைசியாகச் சுட்ட ஐந்து தோட்டாவும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. “அதை அப்பவே யோசிச்சிருக்கணும்” என்று பின்னாட்களில் பலமுறை சொன்னார். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

துப்பாக்கியை விற்ற இரும்புக்கடைக்காரரிடம் மெதுவாகப் பேச்சைக் கொடுத்துப் பார்த்தார். அவர் தோட்டாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சிரித்தார்.

“புதுத் துப்பாக்கிய குறை சொல்லிக்கிட்டு இங்க வர்றவங்க எல்லாருமே அறுபதத் தாண்டினவங்கதான் மேஸ்திரி. ஏன்னு எனக்கும் புரியல.”

அதோடு ஹால்வர் வாயை மூடிக்கொண்டார். கோஷ்டியிடம் சொல்லலாம் என்றால், ஆறு பேர் ஆசையாகக் கொடுத்ததை எந்த வாயால் கோணல் என்று சொல்வது? நூறு கஜத்துக்கு ஒரு சாண் வலதுபக்கம் தள்ளிக் குறி பார்த்தால் சரியாகிவிடுகிறது. அப்படியே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்.

நவம்பரில் கோஷ்டியில் ஒருவனான டெல்பர்ட் கூச்சும் லியோவும் அவரை ஆற்றங்கரை முகடுகளுக்கு அழைத்துப் போனார்கள். டெல்பர்ட்தான் இப்போது கேங் மேஸ்திரி. ஆனாலும் ஹால்வரைக் கூப்பிடுவது “மேஸ்திரி” என்றுதான். காலையில் தரையெல்லாம் உறைபனி. எதிர்ச் சரிவில் ஒரு பெரிய கலைமான், தலை வலதுபக்கம் இருக்க, அசையாமல் நின்றது.

“உங்களுக்குத்தான் மேஸ்திரி. புதுத் துப்பாக்கிக்கு முதல் மான்,” என்று டெல்பர்ட் காதோடு சொன்னான்.

தூரம் நூற்றைம்பதா, இருநூறா? ஒன்றரைச் சாணா, இரண்டா? ஹால்வர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே மான் ஓர் அடி எடுத்து வைத்தது. சட்டென்று பழக்கதோஷத்தில் மானின் தோள்மேலேயே குறியை வைத்து விசையை அழுத்திவிட்டார். தோட்டா பின்தொடையில் பாய்ந்தது. மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. டெல்பர்ட் ஓடிப்போய் புதர்களுக்கிடையில் அதைத் தேடிக் கண்டுபிடித்து முடித்துவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஐம்பது வருஷ வேட்டையில் ஹால்வர் ஒரு மிருகத்தையும் அப்படித் தவிக்கவிட்டதில்லை.

மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வெகுதூரம் வந்தபிறகு டெல்பர்ட் சொன்னான், “வெயில் நேரா கண்ணுல அடிச்சுது மேஸ்திரி. யாரா இருந்தாலும் தவறியிருக்கும்.”

அன்றைக்கு வானம் முழுக்க மேகம். வெயிலே இல்லை. ஹால்வர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கைத் தொடவில்லை. கோணல் துப்பாக்கியிலா, தன் கண்ணிலா என்ற சந்தேகம் அரித்தது.

“எனக்குக் கண்ணு போயிருச்சு செல்மா.”

“எந்தக் கண்ணு? நேத்து தெரு முக்குல நின்ன நாய்க்குக் காது கிழிஞ்சிருக்குன்னு சொன்ன கண்ணா?”

“விளையாடாத.”

“நான் விளையாடல. டாக்டர்கிட்ட போவோம். போயிருச்சுன்னா போயிருச்சு, இருக்குன்னா இருக்கு. ரெண்டுங்கெட்டானா இப்படி மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்திருக்காத, எனக்கு சோறு இறங்காது.”

ஹேவர் ஊர்க் கண் டாக்டர் சுவரில் இருந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார். ஹால்வர் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். டாக்டர் விளக்கைப் போட்டார். “பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணும். மத்தபடி, உங்க வயசுல இப்படிப் பார்வை நான் பாத்ததில்ல. எதுக்கு வந்தீங்க?”

திரும்பும்போது செல்மா ஹால்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். வீட்டில் இறங்கியதும் அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய், துப்பாக்கியைப் பட்டறை மேஜையிலிருந்த இறுக்குப்பிடியில் பூட்டி, ஸ்கோப்பையும் அதைத் தாங்கிய இரும்புத் துண்டுகளையும் கழற்றினார். வாங்கிய நாளிலிருந்து அதன் அடியில் என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. நான்கு திருகுத் துளைகள் இருந்தன, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி நிறுத்தினார். பிறகு குனிந்து, குளிர்ந்த இரும்பில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலின் நீளவாக்கில் பார்த்தார்.

ஒரே நொடிதான்.

“செல்மா!” என்று அவர் போட்ட சத்தத்தில், யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“பின்னாடி ரெண்டு குச்சியப் பாரு. இடது பக்கம் தள்ளி நிக்குதா இல்லையா?”

அவள் குனிந்து பார்த்தாள். “எனக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது.”

“ஒரு காசு கனம் விலகியிருக்கு. ஒரே ஒரு காசு கனம்! கடைக்காரன் கோணலா மாட்டல, இது தொழிற்சாலைலயே துளை போட்டவன் கோணலாப் போட்டது.” அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. செல்மா கரண்டியைப் பட்டறைமேல் வைத்துவிட்டு அவருடைய கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

கிழக்கே எங்கோ இருந்த தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் அச்சடித்த பதில் வந்தது. ஒவ்வொரு துப்பாக்கியும் பரிசோதிக்கப்பட்டே வெளியே அனுப்பப்படுகிறது, குறி தவறுவதற்குப் பெரும்பாலும் சுடுபவரின் பழக்கமே காரணம், பயிற்சி செய்யவும். ஹால்வர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தாளும் ஸ்கேலும் எடுத்து, தண்டவாள அறிக்கைக்குப் படம் போடுவது போலவே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தபடி துளைகளை வரைந்து, விலகலைக் குறித்து, அடியில் ஒரே வரி எழுதினார்: ‘முப்பத்தெட்டு வருஷம் நேர்கோடு பார்த்துப் பிழைத்தவன் சொல்கிறேன், இது நேராக இல்லை.’

இந்தத் தடவை பதில் கையெழுத்தில் வந்தது. எழுதியவர் கிளாரன்ஸ் வாய்ட் என்பவர், துளைபோடும் பிரிவின் மேஸ்திரி. துப்பாக்கியை அனுப்பினால் தானே பார்ப்பதாகவும், தவறு அவர்கள் பக்கம் என்றால் புதிதாக ஒன்று அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்.

“புதுசு எனக்கெதுக்கு?” என்றார் ஹால்வர். “பசங்க பேரு இதுலதான இருக்கு.”

செல்மா யோசித்தாள். “பேரு கட்டைலதான் இருக்கு. கோணல் இரும்புலதான் இருக்கு. இரும்ப மட்டும் அனுப்பு.”

இரண்டு திருகைக் கழற்றியதும் கட்டை தனியாக வந்தது. ஹால்வர் அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். இரும்பைப் பலகைப்பெட்டியில் வைத்து ஆணியடித்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். அங்கேதான் கொஞ்சம் யோசிக்காமல் விட்டுவிட்டார். ஜனவரிப் பனியில் பாதைவேலை நின்றிருந்ததால், கோஷ்டி ஆட்கள் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கியவன் லியோ. மேலே எழுதியிருந்த விலாசம் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் விலாசம்.

அன்று சாயங்காலமே லியோவும் டெல்பர்ட்டும் வாசலில் நின்றார்கள். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கூட விடாமல் உள்ளே வந்தார்கள்.

“நாங்க குடுத்தது பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம் மேஸ்திரி,” என்றான் டெல்பர்ட். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “திருட்டுத்தனமா வித்துட்டீங்களா?”

“விக்கல. உக்காருங்கடா.”

எல்லாவற்றையும் சொன்னார். ஜல்லிப் பள்ளம், முட்டி நின்ற திருகு, கண் டாக்டர், தீக்குச்சி. அலமாரியிலிருந்து கட்டையை எடுத்துக் காட்டினார். டெல்பர்ட் கேட்டுக்கொண்டே வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“செப்டம்பர்லயே தெரியுமா? நவம்பர்லேர்ந்து எனக்குத் தூக்கமில்ல மேஸ்திரி! உங்களுக்குக் கண்ணு போயிருச்சுன்னு… எங்க வீட்டுக்காரி தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றா!”

“நான் ஒருபடி மேல,” என்றான் லியோ. “நீங்க வண்டி ஓட்டிட்டு எதிர்ல வந்தா நான் பள்ளத்துல இறங்கி நின்னுக்குவேன். ஊர்ல பாதிப் பேரு இறங்கி நிக்கிறான்.”

“அதான் எல்லாரும் எனக்கு வழி விடுறாங்களா? மரியாதைன்னு நெனச்சேன்.”

செல்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை. டெல்பர்ட் சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இருபது வருஷம் ஒரு மயிரிழை கோணினாலும் எங்களத் திட்டினீங்க. இதுக்கு மட்டும் ஏன் வாயத் திறக்கல?” என்றான்.

ஹால்வர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

“உங்கள வேலைலதான்டா திட்டினேன். இது நீங்க குடுத்தது.”

மார்ச்சில் பெட்டி திரும்பி வந்தது. புது இரும்பு, கூடவே கிளாரன்ஸ் வாய்ட்டின் நீண்ட கடிதம். துளை போடும்போது இரும்பைப் பிடித்துக்கொள்ளும் அச்சில் ஒரு முளை தேய்ந்திருந்ததாம். அன்றைக்கு அந்த அச்சில் போன இன்னும் பதினேழு துப்பாக்கிகளைத் தேடித் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்களாம். ‘உங்கள் துப்பாக்கியின் சோதனைச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த மானுக்காக வருந்துகிறேன்.’

அதற்கு ஹால்வர் எழுதிய பதிலைச் செல்மா படித்துப் பார்த்தாள். நாற்பத்தேழாம் வருஷம் கோல்டருக்கு மேற்கே ஒரு வளைவைக் கவனக்குறைவாகச் சரிபார்க்காமல் விட்டதும், அன்றைய எக்ஸ்பிரஸ் அந்த வளைவில் ஆடிய ஆட்டத்தில் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிச் சமையல்காரர் ஒரு அண்டா பட்டாணி சூப்பை ஒரு பாதிரியார்மேல் கவிழ்த்ததும், அதை இதுநாள்வரை யாரிடமும் சொல்லாததும் அதில் இருந்தன. மனைவியிடம்கூடச் சொல்லாத கதை அது. இரண்டு மேஸ்திரிகளும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

அடுத்த நவம்பரில் அதே முகடுகளுக்குப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு கலைமான் கிடைத்தது. ஹால்வர் குறியை எங்கே வைத்தாரோ அங்கேயே தோட்டா போய்ச் சேர்ந்தது. மான் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. டெல்பர்ட்டும் லியோவும் அவர் தோளைத் தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, பனியில் அப்படியே முழங்கையூன்றிக் கிடந்தார்.

“என்ன மேஸ்திரி, முட்டி பிடிச்சிக்கிச்சா?” என்றான் லியோ.

“இல்லடா. தண்டவாளத்துல படுத்த மாதிரி இப்படிப் படுத்து ஒரு வருஷமாச்சு. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி நின்னுக்கிட்டிருக்கீங்க. கொஞ்ச நேரம் இருங்கடா.”

அவர்கள் இருந்தார்கள். லியோ புகையிலையை எடுத்துச் சுருட்டினான். டெல்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு மூவருமாகச் சரிவில் இறங்கிப்போனார்கள். மானைத் தூக்கும்போது, கனமான பின்பக்கத்தை யார் பிடிப்பது என்று வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டார்கள்.