பிழையும் பதிவாகட்டும்

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு முதல் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். லாரிகளை எடை போடும் புரோகிராமைச் சென்னை ஆபீஸ் எழுதும். அதன் திருத்தங்கள் சி.வி.எஸ். என்ற மென்பொருளில் சேரும். காலையில் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு அவற்றை இங்கே இறக்கி, நடந்ததை லாக் ஃபைலில் எழுத வேண்டும். அதை ஓட்டுவது நான்.

ஒரு வாரமாக எடைச்சீட்டு தப்பாகவே வந்தது. லாரிக்காரர்கள் கேட்டில் நின்று கத்தினார்கள். திருத்தி வைத்து நாளாயிற்று என்றது சென்னை. லாக்கைத் திறந்தால் தினமும் 'தொடங்கியது', 'முடிந்தது', அவ்வளவுதான்.

"லாக்குல ஒரு தப்பும் இல்லம்மா. இறக்குனதுக்கு அப்புறம் நீதான் எதையோ கெடுத்துருக்க. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு" என்றார் மேலாளர்.

எழுதிக் கொடுத்தால் என் வேலை நிரந்தரமாகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்கு நான் ஏன் எழுத வேண்டும்?

"எழுத மாட்டேன் சார்."

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். கட்டளை ஒழுங்காக ஓடினால் வரும் செய்திகள் லாக்குக்குப் போகும். பிழைச் செய்திகள் தனி வழியில் வரும். அவற்றைத் தூக்கி எறியும்படி எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். சேர்மன் வருகிறார் என்றால் மரங்களுக்குக்கூட வெள்ளையடிக்கிற ஆலை. லாக்குக்கும் அடித்துவிட்டார்கள். தூக்கி எறியும் அந்த வரியை அழித்து, பிழையும் அதே லாக்கில் விழட்டும் என்று 2>&1 என்ற குறியைப் போட்டு, மேலாளர் கண்முன்னாலேயே ஓட்டினேன். சென்னையோடு இணைப்பே கிடைக்கவில்லை என்று லாக்கில் வந்து விழுந்தது.

போன் போட்டுக் கேட்டால், சர்வரின் முகவரியை மாற்றிவிட்டார்களாம், எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். புது முகவரியைப் போட்டேன். மறுநாள் எடை சரியாக வந்தது.

மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சுல்ல, அந்த வரிய பழையபடி மாத்திடும்மா. ஆடிட்டுக்கு வர்றவன் இதையெல்லாம் படிச்சா நமக்குத்தான் கேவலம். உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் எங்கிட்டதான் இருக்கு, பாத்துக்க."

"நான் மாத்த மாட்டேன் சார். வேணும்னா நீங்களே மாத்திக்குங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அந்த ஸ்கிரிப்டும் சி.வி.எஸ்ஸில்தான் இருந்தது. யார் கை வைத்தாலும் அவரவர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு, அந்தப் பெயரோடு பதிவாகும். அது அவருக்கும் தெரியும். கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்காரவில்லை.

என்னை நிரந்தரமாக்கும் ஃபைலில் கையெழுத்துப் போடாமல் ஒரு வருஷம் இழுத்தடித்தார். இழுக்கட்டும். நான் அங்கே இருந்தவரை அந்த வரியை யாரும் தொடவில்லை.