சுவருக்கு மேலே தெரிந்தது

திருப்பதியில் ஒரு கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும்.

நகரத்து ஏற்றத்தாழ்வு பற்றிப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. மும்பைக் குடிசைகளைக் காட்டும் ஒரு படத்தைப் போட்டேன். பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள். மணியடித்ததும் போய்விட்டார்கள். எரிச்சலாக இருந்தது. நம் ஊரில் இல்லாததா? ஆளுக்கொரு சின்ன வீடியோப் படம் செல்போனில் எடுத்து வாருங்கள் என்றேன்.

சத்தியவேட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, சாமி படங்கள் வரைந்த நீள மதில் சுவரை எடுத்து வந்தாள். ஊர் அழகாகிவிட்டதாம். நடந்துகொண்டே எடுத்தவள், பெருமாள் படம் வந்ததும் கையில் போன் இருப்பதை மறந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டிருக்கிறாள். இந்த ஊரில் அது தானாக வரும். கைகளுக்கு நடுவே இருந்த போன் சுவருக்கு அந்தப் பக்கத்தைப் பிடித்துவிட்டது. தகரக் கூரைகள், சாக்கடை, தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு நிற்கும் பெண்கள்.

வகுப்பில் போட்டபோதுதான் அவளுக்கே அது தெரிந்தது. பெருமாளே எட்டிப் பார்க்கிறார் என்று ஒருவன் தெலுங்கில் சொன்னான். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பிறகு தனியாக வந்தாள்.

"அந்தப் பச்சைக் குடம் எங்கம்மா, சார். எங்க ஊடு அங்கதான் கீது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

படங்களைக் கல்லூரி விழாவில் திரையிடுவதாக இருந்தது. விஷயம் முதல்வர் காதுக்குப் போனது. பெரிய மனிதர்கள் வருவார்கள், சுவரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள், ஊர்ப் பெயர் கெடும், அடுத்த வருடம் உங்களுக்கு வேலை வேண்டாமா என்றார். சுவர் கட்டி மறைத்தபோது கெடாத பெயர் படம் எடுத்ததும் கெட்டுவிடுமாம்.

வெட்டுவதா வேண்டாமா, நீதான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் பதிலோடு வந்தாள்.

"அம்மாவைக் கேட்டேன் சார். தண்ணிக்கு நின்னுக்கினு கீறதுல எனக்கென்னாடி வெக்கம், லாரி அனுப்பாதவன் வெக்கப்படட்டும்னு சொல்லிட்ச்சி."

வெட்டாமல்தான் போட்டேன். முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் அம்மாவை விருந்தினர்களுக்குப் பின் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள். பச்சைக் குடம் திரையில் வந்ததும் அந்த அம்மா பக்கத்து ஆளிடம் தன்னைத் தானே சுட்டிக் காட்டினார்.

கையெழுத்து இன்னும் வரவில்லை. நான் போய்க் கேட்கவும் போவதில்லை. வேலை இருக்கும்வரை, பாடத்தில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் இந்தப் படத்தைத்தான் போடுவேன்.