லியோனில் அடிக்கும் காற்று

கடலூர் பஸ் வர இன்னும் நேரமாகுமாம். புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைக்குள் நுழைகிறேன். சித்திரை வெயிலும் கூடவே நுழைகிறது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடாமல் தொங்குகிறது. அலமாரி மேல் ரேடியோ இரைச்சலுக்கு நடுவே பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கிறது.

"கரண்ட் இல்லியா?"

"கரண்ட்டெல்லாம் இருக்குது சார். எங்கூட்டம்மாவத்தான் கேக்கணும்," என்கிறார் கடைக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவராம். ரேடியோ சொல்வதை அவரே தமிழில் சொல்கிறார். வசந்தம் வந்த பிறகும் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறதாம். இந்தச் சனி, ஞாயிறு பிரான்சு முழுக்க மழை, மலைப்பக்கம் பனி.

அவர் மனைவி முந்தானையால் காதை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"அந்த பிரான்சுலதான், லியோன்ல, எம்பொண்ணு இன்னிக்கிதான் புள்ளையத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்குப் போறா சார். பெத்த ஒடம்பு, பச்ச ஒடம்பு. காதுல பஞ்சு வச்சி வுடக்கூட ஆளில்ல."

"அங்க குளுருனா இங்க எதுக்குடி ஃபேன நிறுத்தற? சாரு வெந்துபோறாரு பாரு!" அவர் கை சுவிட்சுக்குப் போகிறது.

"நீங்க சும்மா கெடங்க. கூட இருந்து பாக்கத்தான் குடுத்துவைக்கல. அவளுக்கு ஆவாத காத்து எனக்கு மட்டும் எதுக்கு?"

அவர் கை சுவிட்சைத் தொடாமலே இறங்கிவிடுகிறது. ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறார்.

ஐஸ் போட்ட சோடா கேட்க வந்தவன் நான்.

"சூடா ஒரு டீ குடுங்கம்மா," என்கிறேன்.

அவள் முகம் மலர்கிறது. "இஞ்சி தட்டிப் போடட்டுமா? ஒடம்புக்கு நல்லது."

"போடுங்க."

தட்டுகிறாள், ஒரு டீக்கு வேண்டியதைவிட நிறையவே.