டெல்பினா அன்ரியின் பாதிப் பாட்டு

எங்கள் மாமாவுக்கு மைக் என்றால் உயிர். அம்மாவின் ஒரே தம்பி. கிழமை முழுக்க லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வாய் திறக்காமல் இருக்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மைக்கைக் கண்டதும் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் கோயில் பங்கில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்கு மாமா செயலாளர். சங்கத்தின் வேலை என்று பார்த்தால் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முன்னால் வருகிற ஒளிவிழா ஒன்றுதான். அந்த ஒரு பின்னேரத்துக்காக மாமா வருடம் முழுக்கக் கூட்டம் கூட்டிக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் நடந்த ஒரு ஒளிவிழாவைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அம்மா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தார். தட்டுகளில் ஒம்லெட்டும் பட்டாணியும் வைக்கிற அந்த வரிசையில் பாதிப்பேர் எங்கள் சனம். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் வேறு ஆள். அவர்தான் டெல்பினா அன்ரி.

டெல்பினா அன்ரி அமெரிக்காவில், டெக்சாசில் பிறந்தவர். தாயும் தகப்பனும் மெக்சிகோவிலிருந்து போய்க் குடியேறியவர்கள். வீட்டுக்குள்ளே ஸ்பானிஷ், வாசலைத் தாண்டினால் இங்கிலீஷ். ஒரு கிதார்காரரை நம்பி லண்டனுக்கு வந்தாராம். பிறகு கிதார்காரர் போய்விட்டார், கிதார் மிஞ்சியது. "ரெண்டுக்குள்ள நல்லதுதானே மிஞ்சியிருக்கு" என்று அம்மா சொல்லுவார். பகலில் ஒம்லெட், பின்னேரங்களில் பப்புகளில் பாட்டு. பாடுகிற பாட்டெல்லாம் அவரே கட்டினவை.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். எங்கள் சம்பலைக் கண்ணீர் விடாமல் சாப்பிட்ட ஒரே வெளியாள் அவர்தான். இன்னும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடச் சொல்லியும் கேட்பார். கையைக் கழுவிவிட்டு கிதாரை எடுத்தால், அடேயப்பா! தொடக்கத்தில் அது அவருடைய தாயின் ஊர்க் கலியாண வீட்டுப் பாட்டு. நடுவில் தொண்டை உடைந்து ஒரு கூவல் வரும். அடுத்த வரிக்குள், அவருடைய தகப்பன் லொறி ஓட்டும்போது ரேடியோவில் கேட்ட அமெரிக்கப் பாட்டாக அது மாறி, ஆறுதலாக ஆடி ஆடிப் போகும். ஒரே சட்டையில் இரண்டு துணி. தையல் எங்கே என்று தேடினாலும் அகப்படாது. அப்பா செய்தியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து கதவடியில் நிற்பார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பெரியவளானதும் அவரைப்போல வரவேண்டும் என்று நான் முடிவே செய்திருந்தேன்.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை அன்ரி சம்பலைத் தொடாமல் இருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. நான்தான் அன்ரி சொன்னதைத் தமிழில் சொன்னேன். ஒரு பாட்டுக் கம்பனிக்காரர் அன்ரியின் புதுப் பாட்டைக் கேட்டு மயங்கிப்போனாராம். இசைத்தட்டுப் போடலாம், ஒம்லெட் வேலையை விட்டுவிடலாம் என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை. பாட்டின் பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ். ஸ்பானிஷ் பாதியை வெட்டிவிட வேண்டும், அது இங்கே ஒருவருக்கும் விளங்காது. ஒளிவிழாவுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, அவருக்குப் பதில் சொல்லவேண்டும்.

அன்ரி ஒரு யோசனையோடுதான் வந்திருந்தார். பப்பில் இருக்கிறவர்களுக்குப் பாதி விளங்கும். உங்கள் சனத்தில் பெரியவர்களுக்கு ஸ்பானிஷும் விளங்காது, பாட்டு இங்கிலீசும் அவ்வளவாக விளங்காது. அவர்கள் முன்னால் முழுப் பாட்டையும் பாடுவேன். இருந்து கேட்டார்கள் என்றால் பாட்டில் கை வைக்க மாட்டேன். தங்களுக்குள் கதைத்தார்கள் என்றால் வெட்டிவிடுவேன் என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ பிள்ளை, அதுக்கு எங்கட சனந்தானோ கிடைச்சது? சுவாமியார் பிரசங்கம் வைக்கேக்கையே கதைக்கிற ஆக்கள்!"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் அதுதான் சரியான சோதனை என்றார் அன்ரி.

விஷயம் மாமாவின் காதுக்குப் போனது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அமெரிக்காவிலிருந்து வந்த பாடகி, அதுவும் எங்கள் வேதக்காரி! ஆனால் மாமாவின் மரியாதை உணர்ச்சி விழித்துக்கொண்டது.

"அப்பிடிப்பட்ட ஆளைச் சின்னப்பிள்ளையளின்ர டான்சுக்கு நடுவில பாட விடுறதே? சரியில்லை அக்கா. அவதான் எங்கட பிரதம விருந்தினர்."

"அவ பாட வாறா தம்பி. மாலை போடுவிக்க வரேல்லை."

"நீங்கள் சும்மா இருங்கோ. எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்."

மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அம்மா செபமாலையைத் தேடத் தொடங்குவார்.

விழாவன்று டெல்பினா அன்ரி சிவப்புப் பாவாடையும் சப்பாத்தும் போட்டு, கிதாரோடு வந்து இறங்கினார். வாசலிலேயே மாலை விழுந்தது. விருந்தினர் சுமை தூக்கக்கூடாது என்று இரண்டு அண்ணைமார் கிதாரைப் பணிவாக வாங்கிக் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சந்தனம், குங்குமம், மங்கள விளக்கு, மௌன அஞ்சலி எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு அன்ரியை மேடையில் நடுக் கதிரையில் இருத்திவிட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

வரவேற்புரை செய்தவருக்கு அவர் அமெரிக்கப் பாடகி. தலைமையுரைக்கு வந்தபோது உலகப் புகழ் பெற்ற பாடகி. வாழ்த்துரை முடிவதற்குள் ஜனாதிபதிகளுக்கு முன்னால் பாடியவராகிவிட்டார். முன்வரிசையில் இருந்த அன்ரிமார் எல்லாரும் வெள்ளிக்கிழமை அவரோடு தலைக்கு வலைத்தொப்பி போட்டு ஒம்லெட் வைத்தவர்கள். அவர்களும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கைதட்டினார்கள். பிறகு பொன்னாடை. பிறகு பரிசளிப்பு. வேதாகம மனனப் போட்டிக்கு எனக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. அதைத் தரும்போது, தான் எப்போது பாடுவது என்று அன்ரி என் காதுக்குள் கேட்டார். எனக்கு என்ன தெரியும்!

கடைசியில் பிரதம விருந்தினர் உரை என்றார்கள். அன்ரி மைக்குக்கு வந்து, நன்றி, எனக்குப் பேச வராது, பாடட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு வரியை மாமா செந்தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி, அதற்குள் யாழ்ப்பாணத்தையும் மடுமாதாவையும் கொண்டுவந்து, ஒரு தனிப் பேச்சாகவே முடித்தார். பாட்டு கடைசியில்தான், அதுதான் விழாவின் மகுடம் என்று அறிவித்தார். பாலன் பிறப்பு நாடகம் நடந்தது. நன்றியுரை நடந்தது. நன்றி சொல்ல மறந்துபோன ஆட்களுக்கும் ஒரு நன்றியுரை நடந்தது. தமிழ் விழா எது சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்கிறது? மண்டபத்துச் சாவியை வைத்திருந்த ஐரிஷ்காரர் வந்து மைக்கை நிறுத்தினார். அடுத்த ஆட்கள் வெளியில் காத்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

சனம் எழும்பிவிட்டது. கோட்டைப் போடுகிறவர்களும், பிள்ளையைத் தேடுகிறவர்களும், ரோல்ஸ், பற்றீஸ் என்று பலகாரம் பொதி கட்டுகிறவர்களுமாக ஒரே இரைச்சல். அடுத்த வருஷம் கட்டாயம் பாடுவிக்கிறோம் என்று மாமா அன்ரியிடம் கையைக் கூப்பினார். இதைவிட மரியாதையாக ஒரு ஆளின் வாயை மூட ஏலாது.

அன்ரி மாலையோடும் பொன்னாடையோடும் மேடைப் படியில் இருந்தார். சிரிக்கத்தான் பார்த்தார். என்னைக் கண்டதும், பதில் கிடைத்துவிட்டது, நாளைக்கு வெட்டச் சொல்லிவிடுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல் என்றார். குசினிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

அம்மா பொதுவிடத்தில் வாய் திறக்காத ஆள். ஆரேனும் பேர் கேட்டால்கூட அப்பாவைப் பார்ப்பார். அன்றைக்குக் கையில் கறிக் கரண்டியோடு மேடையில் ஏறினார். மைக் இல்லை. வேலையிடத்து மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகின குரல் இருந்தது.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ! பாடக் கூப்பிட்ட பிள்ளையை மாலையைப் போட்டு இருத்தி வச்சிருக்கிறியள். வெக்கமா இல்லையே? கிதாரை எடுத்துக் குடுங்கோ!"

மாமா வாயைத் திறந்தபடி நின்றார். ஐரிஷ்காரருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

அன்ரி பாடினார். ஸ்பானிஷில் ஒரு வரி, மெல்ல, கேள்வி கேட்பதுபோல எழும்பி நின்றது. உடனே இங்கிலீசில் அவசரமாய் ஒரு வரி. ஸ்பானிஷ் வரிகள் எனக்கு விளங்கவில்லை. இங்கிலீஷ் வரிகள் விளங்கின: ஓம் அம்மா, சாப்பிட்டேன். இல்லை அம்மா, களைப்பில்லை. இல்லை அம்மா, குளிரவில்லை. இவ்வளவுதான் வரிகள். ஆனால் அந்தக் குரல்! கூவல் வந்த இடத்தில் எனக்குக் கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. கோட்டைப் பாதி போட்டவர்கள் பாதியோடே நின்றார்கள். கதவைத் திறந்தவர் மூடிவிட்டு உள்ளே வந்தார். அழுத ஒரு குழந்தையைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை, சுவாமியார் உட்பட. பாட்டு முடிந்தபோது கைதட்ட ஒருவருக்கும் கை சும்மா இல்லை, எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பொதி. பிறகு முன்வரிசை அன்ரி ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா பாடச் சொல்லுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை டெல்பினா அன்ரி கம்பனிக்காரரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் பிறகு வரவேயில்லை. அன்ரி இன்னும் இரண்டு மூன்று வருடம் ஒம்லெட் வைத்தார். சிநேகிதர்களைப் பிடித்து ஒரு கசற் போட்டார், முழுப் பாட்டோடும். தொண்ணூறுகளில் டெக்சாசுக்குத் திரும்பிப்போய், அங்கே சின்னச் சின்ன மண்டபங்களில் பாடிக்கொண்டிருந்தார். பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. நான் கேட்ட பாடகிகளில் அவருக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்றைக்கும் ஆளில்லை.

ஆனால் அன்றைக்கு, விழா முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது, கம்பனிக்காரர் சொன்னதில் பிழையில்லை என்றுதான் நான் அம்மாவிடம் சொன்னேன். மெட்டு அந்த மாதிரி அருமை, ஆனால் விளங்குகிற பாதியில் வெறும் பதில்கள்தானே இருக்கின்றன, ஓம் அம்மா, இல்லை அம்மா என்று.

"தாய் கேக்கிறா, மகள் பதில் சொல்லுறா" என்றார் அம்மா. "தாயின்ர பாதியை வெட்டினால் பிறகென்ன மிஞ்சும்?"

உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டில் எப்போதும் கேட்பதுபோல இங்கிலீசில்தான் கேட்டேன். அம்மா என் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"குளிருதே பிள்ளை?"

இல்லை அம்மா, குளிரவில்லை என்று இங்கிலீசில் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.